அமெரிக்காவில் விளையாட்டுப் பந்தயம்: யார் அனுமதித்தது, யாருக்கு லாபம்?

அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டத்தையோ அவர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் அந்த முட்டை வடிவப் பந்து ஆட்டத்தையோ இப்போது டிவியில் பார்த்தால், ஸ்கோருக்குப் பக்கத்தில் -110, +250 என்று என்னென்னவோ எண்கள் ஓடும். ஆட்டத்துக்கும் அவற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமல் நானும் கொஞ்ச காலம் பார்த்திருக்கிறேன். அவை பந்தய விலைகள். சில வருடங்களுக்கு முன்புவரை இதே சேனல்களில் வர்ணனையாளர்கள் பந்தயத்தைப் பற்றி ஜாடைமாடையாகத்தான் பேசுவார்கள். இன்று ஆட்டம் ஒரு நிமிடம் நின்றால் போதும், பந்தய ஆப் விளம்பரம் வந்துவிடுகிறது.

"2018-இல் அமெரிக்கா பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கிவிட்டது" என்று பலரும் எழுதுகிறார்கள். அது பாதி சரி. அந்த வருடம் மத்திய அரசு எதையும் அனுமதிக்கவில்லை. மாநிலங்களின் கையைக் கட்டியிருந்த ஒரு கயிற்றை உச்ச நீதிமன்றம் அறுத்துவிட்டது, அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒவ்வொரு மாநிலமாகத் தானே ஓடிப் போய்க் கடை திறந்தது. இந்த வித்தியாசம் புரிந்தால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். ஆனால் அதற்கு முன்னால் அந்த எண்களைப் பார்த்துவிடுவோம்.

அந்த எண்களுக்கு என்ன அர்த்தம்

அமெரிக்க முறையில் கழித்தல் குறி போட்ட எண், 100 டாலர் லாபம் வேண்டுமானால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது. -250 என்றால் 250 டாலர் கட்டினால் 100 லாபம். கூட்டல் குறி அதற்கு நேர் எதிர். +250 என்றால் 100 கட்டினால் 250 லாபம். ஜெயிக்கும் என்று எல்லாரும் நினைக்கிற அணிக்குக் கழித்தல், நோஞ்சான் அணிக்குக் கூட்டல்.

இரண்டு பக்கமும் சமபலம் என்றால் இரண்டுக்கும் 100-தானே போட வேண்டும்? போட மாட்டார்கள். இரண்டு பக்கமும் -110 போடுவார்கள். பந்தயத் தொழில் முழுக்க அந்தப் பத்து டாலரில்தான் நிற்கிறது. நீங்கள் ஒரு பக்கம் 110 கட்டுகிறீர்கள், நான் மறுபக்கம் 110 கட்டுகிறேன், கம்பெனி கையில் 220. ஜெயித்தவருக்குப் போவது 210. மீதி 10 கம்பெனிக்கு. வாங்குபவரிடமும் விற்பவரிடமும் தரகு வாங்கும் நிலத் தரகரைப் போலத்தான், யார் ஜெயித்தாலும் அவருக்குக் கவலை இல்லை. (நிஜத்தில் இரண்டு பக்கமும் பணம் இப்படிச் சமமாக வந்து சேராது, கம்பெனியும் சில நாள் அடி வாங்கும். ஆனால் அடிப்படை இதுதான்.) இந்த விலையில் நீங்கள் கைநஷ்டம் இல்லாமல் இருக்கவே நூற்றுக்கு 52.4 தடவை சரியாகச் சொல்ல வேண்டும். நாணயம் சுண்டுவதுபோல் பாதிக்குப் பாதி சரியாகச் சொன்னால் மெதுவாகப் பணம் கரையும்.

பலமான அணியும் சோப்ளாங்கி அணியும் மோதினால் யார் பந்தயம் கட்டுவார்கள்? அதற்குத்தான் ஸ்ப்ரெட். தெருவில் ஓட்டப் பந்தயம் வைக்கும்போது சின்னப் பையனைப் பத்தடி முன்னால் நிற்க வைப்போம் இல்லையா, அதேதான். பலமான அணி வெறுமனே ஜெயித்தால் போதாது, ஏழு புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் உங்கள் பந்தயம் ஜெயிக்கும் என்று வைப்பார்கள். அப்புறம் ஓவர்-அண்டர்: இரு அணிகளும் சேர்ந்து எடுக்கும் மொத்தப் புள்ளி குறிப்பிட்ட எண்ணுக்கு மேலா கீழா. இவை போக, தனி ஆட்டக்காரர் எத்தனை புள்ளி எடுப்பார், எத்தனை முறை பந்தைப் பிடிப்பார் என்று கட்டுவதும் உண்டு, அதற்கு ப்ராப் பெட் என்று பெயர். இந்தக் கடைசி வகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு தகராறு வரும்.

தடை வந்த கதை, போன கதை

நெவாடாவில் 1931 முதல் சூதாட்டம் சட்டபூர்வம், 1949 முதல் விளையாட்டுப் பந்தயமும் உண்டு. மற்ற மாநிலங்களில் புக்கிகள் இருந்தார்கள், மறைவாக. லீக்குகளுக்குப் பந்தயம் என்றாலே நடுக்கம். 1919 பேஸ்பால் இறுதிப் போட்டியில் சிகாகோ அணி ஆட்டக்காரர்கள் பணம் வாங்கிக்கொண்டு தோற்றதாக வெடித்த விவகாரத்தின் தழும்பு அவர்களுக்கு அவ்வளவு ஆழம்.

1980-களின் கடைசியில் சில மாநிலங்கள் லாட்டரியோடு விளையாட்டுப் பந்தயத்தையும் சேர்க்கலாமா என்று யோசித்தபோது, மத்திய நாடாளுமன்றம் 1992-இல் ஒரு சட்டம் போட்டது. சுருக்கமாக பாஸ்பா என்பார்கள். அதை முன்னின்று கொண்டுவந்தவர் நியூ ஜெர்சி செனட்டர் பில் பிராட்லி, நியூயார்க் நிக்ஸ் அணிக்கு ஆடிய முன்னாள் கூடைப்பந்து வீரர். வேடிக்கை என்னவென்றால் பந்தயம் கட்டுவது குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. "மாநிலங்களே, நீங்கள் இதை அனுமதிக்கக் கூடாது" என்றுதான் சொன்னது. ஏற்கெனவே ஏதோ ஒரு வடிவில் வைத்திருந்த நெவாடா, டெலாவேர், மொன்டானா, ஓரிகன் நான்குக்கும் விலக்கு. காசினோ நகரமான அட்லான்டிக் சிட்டியை வைத்திருந்த நியூ ஜெர்சிக்கு மட்டும் ஒரு வருட அவகாசம் கொடுத்தார்கள், வேண்டுமென்றால் அதற்குள் சட்டம் போட்டுக்கொள் என்று. நியூ ஜெர்சி கோட்டைவிட்டது.

இருபது வருடம் கழித்து அதே நியூ ஜெர்சி கையைப் பிசைந்துகொண்டு நின்றது. பக்கத்து மாநிலங்களிலும் காசினோக்கள் வந்துவிட்டன, அட்லான்டிக் சிட்டி தேய்ந்துகொண்டிருந்தது. 2014 ஒரே வருடத்தில் அங்கே நான்கு காசினோக்கள் மூடின. 2011-இல் வாக்காளர்களிடம் கேட்டபோது பெரும்பான்மை பந்தயம் வேண்டும் என்றது. 2012-இல் மாநிலம் சட்டம் போட்டது. லீக்குகளும் கல்லூரி விளையாட்டுச் சங்கமும் சேர்ந்து வழக்குப் போட்டன, மாநிலம் தோற்றது. 2014-இல் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள்: "நாங்கள் எதையும் அனுமதிக்கவில்லை, காசினோக்களிலும் குதிரைப் பந்தயத் திடல்களிலும் எங்கள் பழைய தடையை மட்டும் நீக்குகிறோம்." தடையை நீக்குவதும் அனுமதிப்பதும் ஒன்றுதானே என்று சொல்லிக் கீழமை நீதிமன்றங்கள் மறுபடி தோற்கடித்தன. ஆனால் அந்தக் கேள்வியிலேயே விஷயம் சிக்கிக்கொண்டது. தன்னுடைய சட்டத்தைத் தானே நீக்கக் கூடாது என்று ஒரு மாநிலத்துக்கு மத்திய அரசு உத்தரவு போட முடியுமா?

முடியாது என்று 2018 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாமுவேல் அலிட்டோ. அவர் சொன்னதன் சாரம்: மத்திய அரசுக்கு வேண்டுமானால் விளையாட்டுப் பந்தயத்தைத் தானே நேரடியாக ஒழுங்குபடுத்தட்டும், செய்யாவிட்டால் ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டப்படி நடக்கலாம். மாநிலச் சட்டமன்றத்துக்குள் மத்திய அதிகாரிகளை உட்கார வைத்து எதற்கு ஓட்டுப் போடலாம், எதற்குக் கூடாது என்று சொல்வது போன்றது இந்தச் சட்டம் என்றும் எழுதினார். இந்தத் தத்துவம் பந்தயத்துக்காகப் பிறந்ததல்ல. பாஸ்பா வந்த அதே 1992-இல், அணுக் கழிவை யார் எடுத்துக்கொள்வது என்ற வழக்கில் நியூயார்க் மாநிலம் வாங்கிய தீர்ப்பு அதற்கு அடித்தளம். பந்தயம் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை.

நமக்கு இது அவ்வளவு அந்நியமான வழக்கு அல்ல. இந்திய அரசியல் சாசனத்தில் பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் 34-ஆவது இனம். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்றை எதிர்த்து வந்த வழக்கில்தான். இருந்தும் 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு தானே சட்டம் போட்டு, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை செய்தது. அமெரிக்கா போன திசைக்கு நேர் எதிர்த் திசை. அது தனிக் கதை.

தீர்ப்பு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 5 அன்று டெலாவேர் முந்திக்கொண்டது. ஜூன் 14 அன்று நியூ ஜெர்சியில் மான்மத் பார்க் குதிரைத் திடலில் ஆளுநர் ஃபில் மர்ஃபி முதல் பந்தயம் கட்டினார். உலகக் கோப்பைக் கால்பந்தில் ஜெர்மனி ஜெயிக்கும் என்று 20 டாலர், ஐஸ் ஹாக்கியில் சொந்த மாநில அணி கோப்பை வாங்கும் என்று இன்னொரு 20. இரண்டு வாரத்துக்குள் ஜெர்மனி தென் கொரியாவிடம் தோற்று முதல் சுற்றோடு ஊர் திரும்பியது. ஹாக்கி அணியும் கைவிட்டது. ஆறு வருடம் வழக்காடி வாங்கிய உரிமையின் முதல் சீட்டே இப்படிப் போனது எனக்குப் பிடித்த விஷயம். சராசரிப் பந்தயக்காரரின் கதையும் அதுதானே.

மாநிலத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம்

வரி. வேறொன்றும் இல்லை. பக்கத்து மாநிலம் திறந்துவிட்டால் நம் ஆள் எல்லை தாண்டிப் போய்க் கட்டுவான், வரி அங்கே போகும். நியூயார்க்கில் ஃபோனில் பந்தயம் வருவதற்கு முன்னால், ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தை சைக்கிளில் தாண்டி நியூ ஜெர்சி பக்கம் போய், அங்கே நின்று ஃபோனில் பெட் கட்டிவிட்டுத் திரும்புவார்களாம். ஏனென்றால் ஆப் உங்கள் இருப்பிடத்தைப் பார்க்கும், மாநில எல்லைக்குள் இருந்தால்தான் பணம் வாங்கும். மாநிலம் விட்டு மாநிலம் பந்தயத் தகவல் அனுப்புவதைத் தடுக்கும் 1961-ஆம் வருடச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

2022 ஜனவரியில் நியூயார்க்கும் திறந்தது. கம்பெனிகளின் வருவாயில் 51 சதவீதம் வரி. அவ்வளவு கொடுத்தும் கம்பெனிகள் வரிசையில் நின்றன. நெவாடாவில் வரி 6.75 சதவீதம்தான். நியூ ஜெர்சி ஆன்லைன் வரியை 2025-இல் 19.75 சதவீதமாக ஏற்றியது. இலினாய் இன்னும் ஒரு படி மேலே போய், அதே வருடம் ஒவ்வொரு பந்தயச் சீட்டுக்கும் 25 சென்ட், 50 சென்ட் என்று தலைக்கட்டு வரிபோல் வசூலிக்க ஆரம்பித்தது. இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கம்பெனி சம்பாதிப்பதில் மாநிலத்துக்குப் பங்கு, கம்பெனி சம்பாதிப்பதோ மக்கள் தோற்பதில். அந்தத் தோல்வியை அளவோடு வைக்க வேண்டிய பொறுப்பும் அதே மாநிலத்துக்குத்தான். நம் ஊர் டாஸ்மாக்கை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இன்று 50 மாநிலங்களில் 39-இல் விளையாட்டுப் பந்தயம் நடக்கிறது. 2025 டிசம்பரில் சேர்ந்த மிசூரிதான் 39-ஆவது. தீர்ப்புக்கு முந்தைய வருடம் நெவாடாவில் கட்டப்பட்ட பணம் ஏறக்குறைய 500 கோடி டாலர். 2024-இல் நாடு முழுக்கச் சட்டபூர்வமாகக் கட்டப்பட்டது ஏறக்குறைய 15,000 கோடி டாலர். அதில் சுமார் 1,370 கோடி கம்பெனிகளின் கையில் தங்கியது.

ஃபோனும் பார்லேயும்

மேலே சொன்ன -110 கணக்கை நினைவு வைத்திருந்தால் உங்களுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். 220-இல் 10 என்றால் கம்பெனி பங்கு 4.5 சதவீதம். ஆனால் 15,000-இல் 1,370 என்றால் 9 சதவீதத்துக்கு மேல். மீதி எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் பார்லேயில் இருந்து. ஒரே சீட்டில் பல பந்தயங்களைக் கோத்துக் கட்டுவது பார்லே. எல்லாமே பலித்தால்தான் பணம், ஒன்று தப்பினாலும் மொத்தமும் போச்சு. ஒன்றின் பரிசு அடுத்ததோடு பெருகுவதால் தொகை கண்ணைப் பறிக்கும். சமவாய்ப்புள்ள மூன்று பந்தயங்களைக் கோத்தால் நியாயப்படி 100 டாலருக்கு 800 திரும்ப வர வேண்டும். -110 விலையில் கோத்தால் வருவது 696. கம்பெனியின் பங்கு 13 சதவீதம் ஆகிவிட்டது. ஐந்தைக் கோத்தால் 3,200 வர வேண்டிய இடத்தில் 2,536, அதாவது பங்கு 20 சதவீதத்தையும் தாண்டிவிட்டது. பரிசு பெருகுவது மாதிரியே தரகும் பெருகுகிறது, அது மட்டும் திரையில் தெரியாது. ஒரே ஆட்டத்துக்குள்ளேயே பல ப்ராப்களைக் கோக்கும் வகையைத்தான் ஆப்கள் இன்று முதல் பக்கத்தில் வைத்து விற்கின்றன. லாட்டரிச் சீட்டுக்கு ஜெர்சி மாட்டிவிட்டது மாதிரி.

அதனால் நீதிமன்றத் தீர்ப்பைவிடப் பெரிய மாற்றம் ஃபோன் என்றே நான் நினைப்பேன். முன்பு லாஸ் வேகஸுக்கு விமானம் ஏறிப் போக வேண்டும், இல்லையென்றால் ஒரு புக்கியைத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது கட்டிலில் படுத்தபடி, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த பந்து என்ன ஆகும் என்பதற்குக்கூடக் கட்டலாம். இந்தத் துறையில் முன்னால் நிற்கும் ஃபேன்டூயல், டிராஃப்ட்கிங்ஸ் இரண்டும், நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து ஆடும் ஃபேன்டசி ஆட்ட ஆப்களாகத் தொடங்கியவை. 2006-இல் இணையச் சூதாட்டப் பணப் பரிமாற்றத்தை முடக்கிய மத்தியச் சட்டம் ஃபேன்டசி ஆட்டத்துக்கு விலக்குக் கொடுத்திருந்தது, அந்தச் சந்தில்தான் வளர்ந்தன. தீர்ப்பு வந்தபோது லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களின் கணக்கு அவர்கள் கையில் தயாராக இருந்தது.

ஆரம்பத்தில் "முதல் பந்தயம் ரிஸ்க் இல்லை" என்று விளம்பரம் செய்தார்கள். தோற்றால் பணம் திரும்ப வருமாம், ரொக்கமாக அல்ல, மறுபடி அங்கேயே கட்டுவதற்கான கிரெடிட்டாக. சில மாநிலங்கள் அந்த வாசகத்தையே கூடாது என்றன. இப்போது அதே பண்டம் "போனஸ் பெட்" என்ற பெயரில் வருகிறது.

சரி, கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போட்டுத் தொடர்ந்து ஜெயித்தால்? கம்பெனி உங்கள் கணக்குக்கு உச்சவரம்பு வைத்துவிடும், சில சமயம் ஒரு பந்தயத்துக்குச் சில டாலர்தான் என்று. சட்டப்படி அதற்கு இடம் உண்டு. தோற்பவருக்கு வி.ஐ.பி. கவனிப்பு, ஜெயிப்பவருக்கு வாசலில் தடுப்பு.

ஆட்டக்காரர்கள்

முதலில் பயந்த லீக்குகள் எப்போது மனம் மாறின? கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் தலைவர் ஆடம் சில்வர் 2014-லேயே, எப்படியும் நடக்கிற விஷயம், வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து ஒழுங்குபடுத்துங்கள் என்று பத்திரிகையில் எழுதினார் (அவருடைய லீக்கும் நியூ ஜெர்சி மீது வழக்குப் போட்ட வரிசையில் நின்றது என்பது வேறு). தீர்ப்பு வந்ததும் ஒவ்வொரு லீக்காகப் பந்தயக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டது. 2003-இல் தன் இறுதிப் போட்டியின்போது லாஸ் வேகஸ் சுற்றுலா விளம்பரத்தையே ஒளிபரப்பவிடாத ஃபுட்பால் லீக், 2024-இல் அதே இறுதிப் போட்டியை லாஸ் வேகஸிலேயே நடத்தியது. இடையில் 2022-இல் கால்வின் ரிட்லி என்ற வீரர் சுமார் 1,500 டாலருக்குப் பந்தயம் கட்டியதற்காக ஒரு முழு சீசன் வெளியே உட்கார வைக்கப்பட்டார்.

நினைவில் வைக்கச் சொன்ன ப்ராப் பெட் விஷயம் இதுதான். என்.பி.ஏ.வில் ஆடும் டொரன்டோ ராப்டர்ஸ் அணியில் ஜான்டே போர்ட்டர் என்று ஒருவர், நட்சத்திரம் எல்லாம் இல்லை. 2024 மார்ச் 20 அன்று மூன்று நிமிடம் ஆடிவிட்டு உடம்பு சரியில்லை என்று வெளியேறினார். போர்ட்டர் எடுக்கும் புள்ளி போன்றவை ஓர் எண்ணிக்கைக்குக் கீழேதான் இருக்கும் என்று ஒருவர் 80,000 டாலருக்கு பார்லே கட்டியிருந்தார், பலித்தால் 11 லட்சம் டாலர். அவ்வளவு பிரபலம் இல்லாத ஆள் மீது இவ்வளவு பணமா என்று சந்தேகப்பட்டு அந்தத் தொகையை நிறுத்தி வைத்தார்கள், கதை வெளியே வந்தது. போர்ட்டருக்கு வாழ்நாள் தடை, பிறகு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஓர் அணியையே தோற்க வைக்கப் பலரை வளைக்க வேண்டும். ஒரு ப்ராப் பலிக்க ஒருவர் வயிற்று வலி என்று சொன்னால் போதும். சட்டபூர்வமாக நடந்ததால்தான் கண்காணிப்பில் சிக்கினார் என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். இத்தனை ப்ராப்கள் விற்கப்பட்டதால்தான் சபலமே வந்தது என்பதும் உண்மைதான். 2013 ஐ.பி.எல். பந்தய விவகாரமும், சென்னை அணி இரண்டு வருடம் ஆடாமல் இருந்ததும் நினைவிருப்பவர்களுக்குத் தெரியும், பந்தயம் சட்டவிரோதமாக இருக்கும் நாட்டிலும் இந்த நோய் வராமல் இல்லை.

நோய் என்றதும் வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் மாநிலவாரியாகக் கடன் கணக்குகளை ஒப்பிட்டு 2024-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பந்தயம் வந்த மாநிலங்களில் மக்களின் கிரெடிட் ஸ்கோர் இறங்கியிருக்கிறது, திவால் மனுக்கள் கூடியிருக்கின்றன, ஃபோனில் கட்ட முடிகிற மாநிலங்களில் அடி இன்னும் பலம். சராசரியைப் பார்த்தால் சின்ன மாற்றம் மாதிரித் தெரியும். பெரும்பாலோர் பந்தயமே கட்டுவதில்லை என்பதால், அந்தச் சின்னச் சராசரிக்குப் பின்னால் இருக்கும் சில குடும்பங்களின் அடி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கலிஃபோர்னியாவும் டெக்சாஸும்

மக்கள்தொகையில் முதல் இரண்டு மாநிலங்களும் இன்னும் வெளியேதான் நிற்கின்றன. கலிஃபோர்னியாவில் 2022-இல் இரண்டு யோசனைகள் வாக்கெடுப்புக்கு வந்தன, ஒன்று பூர்வகுடிப் பழங்குடியினர் நடத்தும் காசினோக்களின் யோசனை, இன்னொன்று ஆன்லைன் கம்பெனிகளுடையது. பிரச்சாரத்துக்கு 40 கோடி டாலருக்கு மேல் கொட்டினார்கள். இரண்டுமே தோற்றன, ஆன்லைன் யோசனைக்கு எதிராக மட்டும் நூற்றுக்கு 82 பேர். தடை இருந்தால் பந்தயம் இருக்காதா என்றால், பேஸ்பால் நட்சத்திரம் ஓடானியின் மொழிபெயர்ப்பாளர் ஏறக்குறைய 1.7 கோடி டாலரை அவர் கணக்கிலிருந்து திருடிக் கொட்டியது அதே கலிஃபோர்னியாவின் சட்டவிரோத புக்கி ஒருவரிடம்தான். 57 மாதச் சிறை கிடைத்தது.

2025 ஜனவரியிலிருந்து ஆட்டம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. கல்ஷி போன்ற "கணிப்புச் சந்தை" நிறுவனங்கள், நாங்கள் பந்தயம் நடத்தவில்லை, இந்த அணி ஜெயிக்குமா ஜெயிக்காதா என்ற ஒப்பந்தத்தைப் பங்குச் சந்தை மாதிரி வாங்க விற்க விடுகிறோம், எங்களை மேய்ப்பது மத்திய அரசின் முன்பேர வணிக ஆணையம்தான், மாநிலம் அல்ல என்கின்றன. அதனால் டெக்சாஸில் இருப்பவரும் கட்டலாம். பெரும்பாலான மாநிலங்கள் பந்தயத்துக்கு 21 வயது கேட்க, இங்கே 18 போதும். மாநில வரி கிடையாது. வயிற்றில் அடி விழுந்த மாநிலங்கள் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பின. நோட்டீஸ் வாங்கிய கையோடு கல்ஷி வழக்குப் போட்ட மாநிலங்களில் நியூ ஜெர்சியும் ஒன்று. கீழமை நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கல்ஷி பக்கம் இடைக்கால உத்தரவு கொடுத்தது. மேல்முறையீட்டுக்கு நியூ ஜெர்சி போய் நின்ற இடம், பழைய வழக்கில் தன்னைத் தோற்கடித்த அதே மூன்றாவது சர்க்யூட் நீதிமன்றம். எங்கள் எல்லைக்குள் பந்தயம் யார் நடத்துவது என்று நாங்கள்தான் முடிவு செய்வோம் என்று அன்று திறப்பதற்காக வாதாடிய மாநிலம், அதே வாதத்தை இப்போது தடுப்பதற்காக எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.